அப்பாவுக்கு முழுக்கைச் சட்டை

இல்லை, உன் அப்பாவை மம்சாபுரத்தில் கொண்டுபோய் விட மாட்டேன். பத்து நாளானாலும் சரி, உன் கல்யாணத்தன்று ஒரு பகல் மட்டும் என்றாலும் சரி. நீ போனில் கேட்டபோது பதில் சொல்லாமல் இருந்தேன். லைன் போய்விட்டது என்று நினைத்து "அம்மா, அம்மா" என்று கூப்பிட்டாய். லைன் போகவில்லை. நான்தான் வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தேன்.

"சித்தி வீட்ல ரூம் சும்மாதானம்மா கெடக்கு. கல்யாணம் முடியட்டும், பொறவு நானே போய்க் கூட்டிட்டு வந்துருதேன்" என்றாய். பிறகு, "அப்பாவுக்கும் கூட்டம்னா ஒத்துக்காதுல்ல" என்று சேர்த்துக்கொண்டாய். அக்கறையாகத்தான் ஒலித்தது. நீ அக்கறையில்லாதவன் என்று நான் சொல்லவில்லை. அந்த வாரமே நீ அனுப்பிய துணிப் பார்சல் வந்தது. எனக்குப் பட்டு. பெரியப்பாவுக்குச் சட்டைத் துணி. மம்சாபுரம் சித்தப்பாவுக்குச் சட்டைத் துணி. எல்லாவற்றையும் கட்டிலில் பரப்பி வைத்தேன். உன் அப்பா பக்கத்தில் வந்து நின்று, ஒவ்வொன்றாகத் தொட்டு, இழையைக் கட்டை விரலால் நெருடிப் பார்த்தார். நல்ல துணி என்று தலையாட்டினார். தனக்கு எது என்று கேட்கவில்லை.

போனில் இதையெல்லாம் பேச என்னால் முடியாது. என் காது பாதி தறியோடு போய்விட்டது. மீதிக் காதை வைத்துக்கொண்டு போனில் பேசும்போது உன் உதடு தெரியாது. உதடு தெரியாவிட்டால் எனக்குப் பாதிப் பேச்சுதான். அதனால் எழுதுகிறேன். உன்னிடம் இரண்டு விஷயம் சொல்ல வேண்டும். ஒன்று உன் அப்பாவைப் பற்றி. இன்னொன்று உன்னைப் பற்றி. அந்த இரண்டாவதுக்காகத்தான் இந்தக் கடிதம். ஆனால் முதலாவதைச் சொல்லாமல் அதற்கு வர எனக்கு வழி தெரியவில்லை.

நீ தறிக்கூடத்தில் நின்றவன் இல்லை. உன்னை அதன் வாசல் தாண்ட விடக்கூடாது என்பதில் அவர் பிடிவாதமாக இருந்தார். ஸ்ரீவில்லிபுத்தூர் ஹாஸ்டலில் சேர்த்ததற்கு அதுவும் ஒரு காரணம். வரிசையாகத் தறிகள் ஓடும் இடத்தில் மனிதக் குரல் என்று ஒன்று கிடையாது. கத்தினாலும் கேட்காது. அதனால் அங்கே யாரும் கத்துவதில்லை. வாயை மட்டும் அசைப்பார்கள். எதிரே இருப்பவர் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வார். நூல் அறுந்ததா, டீ வந்ததா, முதலாளி வருகிறாரா, எல்லாம் உதடுதான். வம்பும் உதடுதான். ஆஸ்பத்திரிகளுக்குப் போகிற பேண்டேஜ் துணியை அவர் நெய்தார். நான் அதே கூடத்தில் நூல் சுற்றினேன். அவர் என்னிடம் முதல் முதலாகச் சொன்னது "சாப்ட்டியா?" சத்தமில்லாமல். நானும் சத்தமில்லாமல்தான் "ம்" என்றேன். கல்யாணத்துக்கு முன்னால் உன் அப்பாவின் குரலை நான் சரியாகக் கேட்டதே இல்லை. கேட்டபோது கொஞ்சம் ஏமாற்றமாக இருந்தது. நான் நினைத்ததைவிட மெல்லிய குரல்.

தறிக்காரர் வீடுகளில் இந்தப் பழக்கம் வீடு வரைக்கும் வரும். சாப்பிடும்போது, பஸ்ஸுக்கு நிற்கும்போது, உதடு தன்னால் அசையும். எங்கள் தெருவில் யாரும் அதைத் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். அதனால் அவருக்கு அது தொடங்கியபோது நாங்கள் ஒருவருமே கவனிக்கவில்லை. வேறு எந்த ஊரில், வேறு எந்தத் தொழிலில் இருந்திருந்தாலும், சுவரைப் பார்த்து வாயசைக்கிற மனிதனை ஒரு வாரத்தில் யாராவது கேட்டிருப்பார்கள். எங்களுக்கு அது வேலைக் களைப்பு. எதிர்வீட்டு ராசாத்தி அக்கா சிரிப்பாள். "ஏட்டி, ஒம் புருசன் வீட்டுக்கு வந்தும் தறிய நிப்பாட்டல போலயே." நானும் சிரித்தேன். "கூலி கேட்டுப் பாருங்கக்கா, வீட்ல ஓட்டுறதுக்கும் குடுப்பாகளான்னு" என்றேன். வருஷக்கணக்கில் இப்படிச் சிரித்திருக்கிறோம்.

ஒரு காலையில் அவர் சவரம் செய்துகொண்டிருந்தார். எனக்கு முதுகு. கண்ணாடியில் வாய் தெரிந்தது. பாதி நுரை. உதடு அசைந்தது. சும்மா பழக்கத்தில் படித்தேன். "நான் எடுக்கல. சத்தியமா நான் எடுக்கல." செத்த நேரம் நிறுத்தினார். கேட்டார். யாரோ அவரிடம் ஏதோ சொல்வதைக் கேட்டார். மறுபடியும், "எம் பிள்ள மேல சத்தியமா நான் எடுக்கல." அவர் மேல் யாரும் எந்தப் பழியும் போட்டதில்லை. கூடத்தில் ஒரு நூல்கண்டு காணாமல் போனதில்லை. நான் கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்தேன். அதற்கு முன்னால் எத்தனை நாள் இந்த மனிதர் இப்படித் தனியாக நின்று சத்தியம் செய்திருப்பார் என்று நினைத்துக்கொண்டேன். யாரிடம் என்று மட்டும் கேட்கத் தோன்றவில்லை. கேட்டால் சொல்லிவிடுவார் என்று பயந்தேன்.

அதன் பிறகு நடந்ததில் பாதி உனக்குத் தெரியும். அவர் தூக்கத்தை விட்டார். தறியை நிறுத்திவிட்டு முதலாளியின் காலில் போய் விழுந்தார், எடுக்காத எதையோ மன்னிக்கச் சொல்லி. செட்டியார்பட்டியிலிருந்து உன் பெரியப்பா வந்தார். "ஏலே, ஒனக்கு என்னலே கொற? நாலு பேரு நம்மளப் பாத்துச் சிரிக்கவா?" என்று தம்பியின் தோளைப் பிடித்து உலுக்கினார். உலுக்கிவிட்டு வாசலில் போய் உட்கார்ந்து அழுதார். அவர்தான் தெற்கே ஒரு கோயிலுக்குக் கூட்டிப் போகச் சொன்னார். அங்கே சில மாதம் தங்கினோம். வெளியே ஓடிவிடுவார் என்று கட்டி வைக்கச் சொன்னார்கள். கயிறு என்றால் புண்ணாகும். அதனால் நான் வீட்டிலிருந்து பேண்டேஜ் துணி கொண்டுபோயிருந்தேன். மெத்தென்று இருக்கும், காற்றுப் போகும், அவர் கையால் நெய்தது. மடித்து மடித்துத் தடிப்பாக்கி இரண்டு மணிக்கட்டிலும் கட்டினேன். காயத்துக்குக் கட்டுகிற துணி காயப்படுத்தாது என்று நினைத்தேன். இழுத்துக்கொண்டே இருந்தார். எந்தத் துணியும் இழுத்தால் கயிறுதான்.

அந்தத் தழும்பைப் பார்த்து நீ விடுமுறையில் கேட்டாய். தறி அடித்துவிட்டது என்றேன். அவரும் தலையாட்டினார்.

இனி அந்த அறையைப் பற்றி. கோயிலிலிருந்து திரும்பியபின் நாங்கள் போகிற, நீ இதுவரை வந்து பார்க்காத அறை. பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், சைக்கிள் கடைக்கு மேலே, மாடி. வாசலில் போர்டு கிடையாது. வேண்டுமென்றேதான் வைக்கவில்லை. வியாழக்கிழமை மத்தியானம் அங்கே ஆட்கள் வருவார்கள். மில்லில் வேலை பார்க்கிற வடக்கத்திப் பிள்ளைகள், குடிகாரப் புருஷனிடம் அடி வாங்கியவர்கள், பிள்ளை பெற்றபின் பிள்ளையைத் தொடாத பெண்கள், எங்களைப் போல. காசு வாங்குவதில்லை. வடக்கத்திப் பிள்ளைகளிடம் அவர்கள் பாஷையிலேயே பேச ஓர் ஆள் உண்டு. தெலுங்கு வீட்டுப் பெண் ஒருத்தி எங்களோடு நாள் முழுக்கத் தமிழில்தான் பேசுவாள். ஆனால் செத்துப்போன பிள்ளையைப் பற்றித் தெலுங்கில்தான் அழ முடிந்தது. அவளுக்கும் ஒரு தெலுங்கு அம்மாவைத் தேடிக் கூட்டி வந்தார்கள். பைத்தியம் என்கிற சொல் அந்த மாடிப்படி ஏறாது. "மனசுக்கு முடியல" என்பார்கள், காலுக்கு முடியல என்பதைப் போல.

அதைப் பார்த்துக்கொள்வது பியூலா என்ற பெண். நாகர்கோவில் பக்கம். டாக்டர் இல்லை, பேசுவதற்கென்று படித்தவள். உன்னைவிட இரண்டு மூன்று வயதுதான் கூட இருக்கும். முதல் நாள் உன் அப்பாவைக் கூட்டிப்போனபோது கதவைச் சாத்தி, ஃபேனைக்கூட நிறுத்தி, மெதுவாகக் கேள்வி கேட்டாள். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். உதடு மட்டும் அசைந்தது. இரண்டாவது வாரமும் அப்படியே. அவள் என்னிடம் திரும்பி, "வீட்ல எப்டிக்கா பேசுவாரு?" என்றாள்.

"சத்தமில்லாமத்தான். தறிக்காரங்க எல்லாரும் அப்டித்தாம்மா."

"எல்லாருமா? அப்ப நீங்க அத எப்டிப் புரிஞ்சுக்கிடுவீங்க?"

"ஒதட்டப் பாத்து."

அவள் நாற்காலியை இழுத்து அவருக்கு நேராகப் போட்டு உட்கார்ந்தாள். வாயை அகல அகலமாகத் திறந்து, சத்தமில்லாமல், "ராத்திரி தூங்குனீங்களா?" என்றாள். பல்லெல்லாம் தெரிந்தது. மாடு அசைபோடுவது மாதிரி இருந்தது. உன் அப்பா நிமிர்ந்து பார்த்தார். சிரித்துவிட்டார். சிரித்துக்கொண்டே, சத்தமில்லாமல், "ஒங்களுக்கு வரல" என்றார். நான் அவளுக்குச் சொன்னேன். "வரலைன்னா சொல்லிக் குடுங்க" என்றாள். அப்படித்தான் ஆரம்பித்தது. வாரா வாரம் அவர் அவளுக்கு உதடு சொல்லிக்கொடுத்தார். அவர் சொல்கிற வார்த்தைகள் கொஞ்சம் கொஞ்சமாக டீ, நூல், மழை என்பதிலிருந்து நகர்ந்து, ஒரு நாள் "எடுக்கல" என்ற வார்த்தைக்கு வந்தன. நான் கேட்கப் பயந்ததை அவள் கேட்டாள். யாரிடம் சொல்கிறீர்கள் என்று. அவர் சொன்னார். அது அவர்கள் இருவருக்குள் இருக்கட்டும். உனக்கும் அவர் சொல்ல விரும்பினால் சொல்வார்.

பெரியப்பா ஒரு தடவை மாடிக்கு வந்து, "கோயில்ல மந்திரிச்சுக் கட்டுன கயித்த அவுக்கச் சொல்லுவீகளோ?" என்று அவளிடம் வம்புக்குக் கேட்டார். "எதுக்கு அண்ணாச்சி? அது கையில கெடக்கட்டும். மாத்திர வாய்லதான போகுது" என்றாள். இப்போது அவரும் முடிந்த வியாழக்கிழமைகளில் வந்து டீ வாங்கிக்கொடுக்கிறார்.

மாத்திரைக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் அரசு ஆஸ்பத்திரி. டாக்டர் வருகிற நாளில் நாங்கள் ஏழெட்டுப் பேர் சேர்ந்து ஒரே பஸ்ஸில் போவோம். எங்கே போகிறீர்கள் என்று தெருவில் கேட்டால் பால்கோவா வாங்க என்போம். "மாசா மாசமா? சர்க்கரை வந்துரும் பாத்துக்கோங்க" என்பாள் ராசாத்தி அக்கா. அவளுக்குத் தெரியும். தெரியாத மாதிரி இருப்பது அவள் செய்கிற உதவி. சரியாகிவிட்டாரா என்று நீ ஒவ்வொரு முறையும் கேட்கிறாய். இல்லை. மாத்திரையால் கை நடுங்குகிறது. உடம்பு ஊதிவிட்டது. தறி ஓட்ட முடியாது. அந்தக் குரல் போய்விட்டதா என்று கேட்டால், தூரத்தில் இருக்கிறது என்கிறார். பக்கத்துத் தெருவில் ரேடியோ மாதிரியாம். அதோடு இருக்கப் பழகிவிட்டோம். இதைவிட நல்ல செய்தி என்னிடம் இல்லை.

அந்த பஸ்ஸில் என் பக்கத்தில் சோழபுரத்து அக்கா ஒருத்தி உட்காருவாள். அவளுக்கு ஒரே மகன். உன் வயசு. மாத்திரையில் நன்றாக இருந்தான், லேத் பட்டறைக்குப் போய்க்கொண்டிருந்தான். பெண் பார்த்தார்கள். பெண் வீட்டாருக்குச் சொல்லவில்லை. மாத்திரை டப்பா யார் கண்ணிலாவது பட்டுவிடும் என்று, கல்யாணம் முடிகிற வரைக்கும் மட்டும் நிறுத்தச் சொன்னார்கள். "கல்யாணம் முடியட்டும், பொறவு போட்டுக்கிடலாம்" என்று அவள் பஸ்ஸில் என்னிடம் சொன்னபோது நானும் சரி என்றுதான் தலையாட்டினேன். வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டும். கல்யாணம் நன்றாக நடந்தது. நாங்கள் எல்லோரும் போய்ச் சாப்பிட்டோம். ஆடி பிறப்பதற்குள் அந்தப் பையன் உயிரோடு இல்லை. என்ன நடந்தது, ஏன் நடந்தது என்று அந்தப் பெண்ணுக்கு இன்றைக்கும் ஒன்றும் தெரியாது. அக்கா இப்போதும் அந்த பஸ்ஸில் வருகிறாள். மாத்திரை வாங்க அல்ல. வியாழக்கிழமைகளில் புதிதாக வருகிற அம்மாக்களோடு உட்கார. "கல்யாணம் முடியட்டும்" என்று நீ போனில் சொன்னபோது நான் ஏன் பேசாமல் இருந்தேன் என்று இப்போது தெரிந்திருக்கும். அதே மூன்று சொல் இல்லையா அய்யா. கல்யாணம் முடியட்டும், பொறவு.

இனி உன்னைப் பற்றி.

ஸ்ரீவில்லிபுத்தூரில் உன் நிச்சயதார்த்தம். சுதா வீட்டு மாடி. கீழே பந்தி நடந்துகொண்டிருந்தது. அவள் அப்பா ராணுவத்தில் இருந்தவர், எல்லாவற்றையும் நேரத்துக்கு நடத்துகிறவர், மாப்பிள்ளை எங்கே என்று தேடினார். நான் உன்னைக் கூப்பிட மாடிக்கு வந்தேன். நீ கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு கோயில் கோபுரத்தின் பக்கம் பார்த்து நின்றாய். பக்கவாட்டில் முகம் தெரிந்தது. கையில் போன் இல்லை. காதில் எதுவும் இல்லை. உன் உதடு அசைந்தது. நிறுத்தினாய். கேட்டாய். மறுபடியும் அசைந்தது.

அய்யா, நீ தறிக்கூடத்தில் நின்றவன் இல்லை.

நான் படிக்கக்கூடாது என்று நினைத்தேன். படித்துவிட்டேன். "அவங்களுக்குத் தெரியாது. நான் சொல்லல. அவங்களுக்குத் தெரியாது." அவ்வளவுதான். நான் படியில் காலைத் தட்டிச் சத்தம் செய்தேன். நீ திரும்பி, "வாரேம்மா" என்று சிரித்தாய். வேர்த்திருந்தது. கீழே வந்து எல்லோரோடும் நன்றாகத்தான் பேசினாய். அன்றைக்கு உன் அப்பாவுக்குக் காய்ச்சல் என்று பெண் வீட்டாரிடம் சொன்னோம். அவருக்குக் காய்ச்சல் இல்லை.

ஒன்றுமே இல்லாமல் இருக்கலாம். சொல்லப்போவதை ஒத்திகை பார்த்திருக்கலாம். மறைக்கிற மனசு தனக்குத்தானே பேசத்தான் செய்யும், அதற்கு நோய் என்று பெயர் வைக்க நான் யார். அப்பாவுக்கு வந்தது பிள்ளைக்கும் வந்தே தீரும் என்பது இல்லை என்று பியூலா சொன்னாள், ஒருமுறைக்கு இருமுறை. ஆனால் ஒன்றுமில்லை என்று ஒருதடவை நினைத்துச் சிரித்தவள் நான். இன்னொரு தடவை அப்படி நினைக்க என்னிடம் தைரியம் இல்லை. உனக்குத் தூக்கம் எப்படி இருக்கிறது? நீ இளைத்துப்போனது கல்யாண வேலையாலா? போன மாதம், கூட இருந்த பையன்கள் உன்னைப் பற்றி ஏதேதோ பேசுகிறார்கள் என்று அறையை மாற்றிவிட்டேன் என்றாயே, என்ன பேசினார்கள்? நிஜமாகவே பேசினார்களா?

நீ இருக்கிற கோயம்புத்தூரிலும் இதைப் போல ஓர் இடம் இருக்கிறதாம். பியூலாவுக்குத் தெரிந்தவர்கள் நடத்துகிறார்கள். வேலை முடிந்து சாயங்காலம் போகலாம். காசு இல்லை, உன் கம்பெனிக்குத் தெரியாது, ஊருக்குத் தெரியாது. தமிழில் பேசலாம். பேசாமலும் உட்கார்ந்திருக்கலாம். நான் உன்னைக் கேட்பது ஒன்றே ஒன்று. கல்யாணத்துக்கு முன்னால் ஒருநாள் போய் உட்கார். ஒன்றுமில்லை என்று அவர்கள் சொன்னால் நான் ஊரைக் கூட்டிச் சோறு போடுகிறேன். ஏதாவது இருக்கிறது என்றால், பஸ்ஸில் எனக்கு இன்னொரு சீட்டு பிடிக்கத் தெரியும்.

சுதாவிடம் நான் சொல்ல மாட்டேன். அப்பாவைப் பற்றியும் சரி, மாடியில் பார்த்ததைப் பற்றியும் சரி. நீதான் சொல்ல வேண்டும். கல்யாணம் நின்றுபோகலாம். அதை நான் யோசிக்காமல் இல்லை, யோசித்து யோசித்துத்தான் இத்தனை நாள் எழுதவில்லை. நின்றுபோனால் ஊர் பேசும். பேசட்டும். எனக்குப் பாதிக் காதுதானே. ஆனால் அந்தப் பிள்ளை தெரியாமல் உன் வீட்டுக்குள் வந்து, ஒருநாள் கண்ணாடியில் உன் உதட்டைப் பார்க்கக்கூடாது. அவளுக்கு உதடு படிக்கவும் தெரியாது. யாரிடம் போவாள்?

அப்பா கல்யாணத்துக்கு வருவார். முன்வரிசையில் உட்கார முடியாவிட்டால் ஓரத்தில் உட்காருவார். கூட்டம் அதிகமானால் பெரியப்பா அவரை டீக்குக் கூட்டிப் போவார். பேசி வைத்திருக்கிறோம். அவர் வாய் அசைந்தால் யாராவது கேட்பார்கள். கேட்டால் சொல்வோம்.

இவ்வளவும் எழுதிவிட்டு, மடிப்பதற்கு முன்னால், அவரைக் கூட்டிக்கொண்டு கடைவீதிக்குப் போனேன். சட்டைத் துணி எடுத்தோம். வெள்ளை. அவரே நெருடிப் பார்த்து எடுத்தார். அப்படியே தையல்கடைக்குப் போனோம். தையல்காரர் அவரை நிறுத்தி, கையை விரிக்கச் சொல்லி அளவெடுத்தார். "அரைக்கையாக்கா, முழுக்கையா?" என்று என்னைக் கேட்டார். உன் அப்பாவின் உதடு அசைந்தது. தையல்காரர் சிரித்தார். "என்னமோ சொல்லுதாரே, என்னவாம்?"

"அவியட்டயே கேளுங்க" என்றேன்.

"முழுக்கை" என்றார் உன் அப்பா. சத்தமாகவே. "மணிக்கட்டு மூடணும்."

அளவு கொடுத்துவிட்டு வந்தோம். சட்டை புதன்கிழமை கிடைக்கும்.